சிக்கிமுக்கித் துப்பாக்கி: கிண்ணத்துல புஸ்ஸுன்னுச்சு, குண்டு போகல, மான் திரும்பிப் பாத்துட்டு நிக்குது. எங்க தப்பு?

பனிமலை_பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து நடந்தத யார்ட்டயாவது கொட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவுல பென்சில்வேனியால கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் டிசம்பர் 26ல ஆரம்பிக்கிற ஃப்ளின்ட்லாக் மான் வேட்டை சீசன் தெரியும்ல, சிக்கிமுக்கிக் கல்லு வச்ச துப்பாக்கி மட்டும்தான், கேப்பு (அடிச்சா பத்துற சின்ன மருந்து மூடி) வச்சது கூட ஆகாது, 1974லேருந்து நடக்குது. மூணு வருஷமா ஆசைப்பட்டு இந்த வருஷம்தான் ஹன்டர் எஜுகேஷன் முடிச்சு, சாதா லைசென்ஸ், அதுக்கு மேல மசில்லோடர் (குழல் வாய் வழியா மருந்து கெட்டுற துப்பாக்கி) லைசென்ஸ்னு தனியா ஒண்ணு, எல்லாம் எடுத்து காட்டுக்குப் போனேன். 50 காலிபர், அதாவது அரை இன்ச் ஓட்டை, லாங் ரைஃபிள். காலைல 6:45க்கு கெட்டிச்சேன்: 70 கிரெய்ன் (எடை அளவு) மூணு எஃப் (நைசான) மருந்து, எண்ணெய் தடவின கோடு போட்ட மெத்தைத் துணி, 0.490 இன்ச் ஈயக்குண்டு. பனியும் மழையும் கலந்து ஊத்துது. சாயங்காலம் 3 மணி வரைக்கும் மரத்தடில கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அப்ப ஒரு பெட்டை மான் 40 கஜத்துல வந்து பக்கவாட்டுல நிக்குது, இதுக்கு மேல என்ன வேணும்? துப்பாக்கியோட குதிரைய (கல்லக் கவ்வியிருக்கிற சுத்தி) முழுசா இழுத்து, விசைய அமுக்கினா... வெளிப்பக்க மருந்துக் கிண்ணத்துல புஸ்ஸுன்னு ஒரு நெருப்பு, அவ்ளோதான். உள்ள இருக்கிற மருந்து பத்தவே இல்ல. மான் ஒரு இருபது அடி ஓடி நின்னு என்னையத் திரும்பிப் பாக்குது, "யாருடா நீ"ன்னு கேக்குற மாதிரி. நடுங்குற கையோட திரும்பவும் கிண்ணத்துல மருந்து போடுறதுக்குள்ள போயிருச்சு. கல்லு புதுசு, பொறி நல்லாத்தான் விழுந்துச்சு. எங்க தப்பு? காளி அண்ணே, நீங்கதான் சொல்லணும்.

கோயம்புத்தூர்_குசும்பு:
ஏனுங் பாண்டி, புஸ்ஸுன்னு போனதுக்கு இவ்ளோ பெரிய கதையா? எங்கூர்ல தீபாவளிக்கு நனைஞ்ச ஓலைப்பட்டாசு இப்படித்தானுங்க போகும். அது சரி, சிக்கிமுக்கிக் கல்லுல துப்பாக்கியா? மொதல்ல அது எப்படி வேல செய்யுதுன்னு சொல்லுங்க, அப்பறம் எது கெட்டுப்போச்சுன்னு பேசலாம்.

பனிமலை_பாண்டி:
குசும்பு அண்ணே, சுருக்கமா சொல்றேன். குதிரையோட வாய்ல ஒரு துண்டு சிக்கிமுக்கிக் கல்ல தோல் வச்சு கவ்விப் பிடிச்சிருக்கும். எதுக்க செங்குத்தா ஒரு எஃகு பட்டை, ஃப்ரிஸன்னு பேரு. விசைய இழுத்தா குதிரை பாஞ்சு கல்லு அந்த எஃகச் சுரண்டும், சுரண்டின எஃகுத் துணுக்குதான் சிவந்து பொறியா கொட்டும். அதே அடில பட்டை மேல தூக்கி, கீழ இருக்கிற கிண்ணம் தெறக்கும், பொறி அதுல இருக்கிற பொடி மருந்துல விழுந்து பத்தும், அந்தத் தீ பக்கத்துல இருக்கிற சின்ன ஓட்டை வழியா குழலுக்குள்ள பூந்து பெரிய மருந்த பத்த வைக்கும். இத்தனையும் கண்ணு சிமிட்டுற நேரத்துல நடக்கணும். எனக்கு கிண்ணம் வரைக்கும் நடந்துச்சு, ஓட்டைக்கு உள்ள நடக்கல.

கரிமருந்து_காளி:
பாண்டி, மொத வருஷத்துல எல்லாரும் வாங்குற அடிதான், மனச விடாத. நான் கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லு. ஒண்ணு, போன தடவ கழுவினப்பறம் குழலுக்கு எண்ணெய் போட்டியா, போட்டிருந்தா கெட்டிக்கிறதுக்கு முன்னாடி அத காஞ்ச துணியால துடைச்சு எடுத்தியா? ரெண்டு, ஓட்டைய கம்பி வச்சு குத்திப் பாத்தியா? மூணு, கிண்ணத்துல காலைல போட்ட மருந்தையே சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தியா? நாலு, உண்மையான கரிமருந்தா இல்ல கடைக்காரன் தலைல கட்டின மாத்துப் பொடியா? அதெல்லாம் கேப்பு வச்ச துப்பாக்கிக்கு ஓகே, பத்துறதுக்கு சூடு ஜாஸ்தி வேணும், சிக்கிமுக்கிக்கு ஆகவே ஆகாது. மொத மூணுக்கும் ஒழுங்கா பதில் வந்துட்டா மிச்சத்த அப்பறம் பாப்போம்.

பனிமலை_பாண்டி:
1. எண்ணெய் போட்டேன், ஆனா துடைச்சேன், ரெண்டு துணி விட்டேன், ரெண்டாவது சுத்தமா வந்துச்சு. 2. குத்தினேன். 3. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பழச தட்டிட்டு புதுசு போட்டேன், கிண்ணத்து மருந்து காஞ்சுதான் இருந்துச்சு, அதான் பத்துச்சே. 4. அசல் கரிமருந்து அண்ணே, வெடியுப்பு கந்தகம் கரி, கைல தேச்சா கருப்பா ஒட்டும்.

முல்லைத்தீவான்:
தம்பி நான் டொரோண்டோவில இருந்து எழுதுறன். உங்கட கதைய வாசிக்க எனக்கு எங்கட ஊர் இடியன் துவக்குதான் ஞாபகம் வந்தது. வன்னியில பெரியப்பாவிட்ட ஒண்டு இருந்தது, வாயால மருந்து போட்டு தென்னந்தும்பு வச்சு இடிச்சு இறுக்கிறது, அதாலதான் இடியன் எண்டு பேர். அது கேப் வச்சு அடிக்கிறது, கல் இல்லை, ஆனால் பிரச்சினை ஒண்டுதான்: ஈரம். மாரிகாலத்தில பன்றிக்குக் காவலுக்குப் போகேக்க பெரியப்பா துவக்க அடுப்பங்கரைக்குக் கிட்ட கொண்டுவர விடமாட்டார், திண்ணையிலதான் வைப்பார். ஏன் எண்டு கேட்டா "வேர்க்கும்" எண்டுவார். இரும்பு எப்பிடி வேர்க்கும் எண்டு நாங்கள் சிரிப்பம். நீங்கள் இடையில எங்கேயும் சூடான இடத்துக்குப் போனீங்களோ?

பனிமலை_பாண்டி:
அய்யய்யோ. அண்ணே... மத்தியானம் 12 மணிக்கு கை வெறச்சுப் போயி ட்ரக்குக்குப் போனேன். ஹீட்டர் போட்டு அரை மணி நேரம் உக்காந்து புளிசாதம் சாப்ட்டேன். துப்பாக்கியையும் உள்ள எடுத்துட்டுத்தான் போனேன், கிண்ணத்து மருந்த தட்டிட்டேன், இங்க சட்டப்படி கிண்ணம் காலியா இருந்தாலே அன்லோடட்னு கணக்கு, வண்டிக்குள்ள வைக்கலாம். அதனால சட்டத்துல தப்பில்ல. ஆனா இப்ப நீங்க சொன்னப்பறம்தான்...

கரிமருந்து_காளி:
முல்லைத்தீவு அண்ணனோட பெரியப்பாவுக்கு ஒரு கும்பிடு. பிடிச்சாச்சு. அஞ்சு மணி நேரம் வெளிய ஜில்லுன்னு இருந்த குழல ஹீட்டர் ஓடுற வண்டிக்குள்ள கொண்டுபோனா ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்த சொம்பு மாதிரி வேர்த்துக் கொட்டும். வெளிய வேர்த்தா துடைச்சுக்கலாம், அந்தச் சின்ன ஓட்டை வழியா ஈரக் காத்து உள்ள போயி ஓட்டை வாய்ல இருக்கிற கொஞ்சூண்டு மருந்த நனைச்சா போதும், அதுதான மொதல்ல பத்த வேண்டியது. பின்னாடி 60 கிரெய்ன் காஞ்சிருந்து என்ன பிரயோஜனம்? சாப்பாட்டுக்குப் போனா துப்பாக்கிய குளிர்லயே விடணும், ட்ரக்கோட பின்பக்கம் மூடி போட்ட பெட்டில கிண்ணத்த காலி பண்ணிப் பூட்டி வை. அப்பறம் ஓட்டைல ஒரு கோழி இறகுக் காம்பு சொருகி வை, கெட்டிக்கும்போதே சொருகிட்டா இன்னும் நல்லது, மருந்துக்குள்ள ஒரு வழி விட்டு நிக்கும், எடுத்தப்பறம் தீ நேரா உள்ள பாயும். விசைப் பக்கத்துக்கு மெழுகு தேச்ச தோல் உறை ஒண்ணு கட்டு, இங்க பழைய ஆளுங்க அத மாட்டு முட்டின்னு சொல்லுவாங்க, அந்தக் காலத்துல மாட்டோட முட்டித் தோல வச்சே தச்சிருக்காங்க, வளைவு அப்படியே பொருந்துமாம்.

ஆமா, அந்த பத்தாத குண்ட எப்படி வெளிய எடுத்த? இத நீ எழுதவே இல்ல, எனக்கு அதுதான் பயம்.

பனிமலை_பாண்டி:
ஒரு நிமிஷம் குழல மண்மேட்டப் பாத்தே பிடிச்சிருந்தேன், லேட்டா பத்தினா என்ன பண்றதுன்னு. அப்பறம் ஓட்டைய குத்தி, நாலு எஃப் பொடிய (இன்னும் நைசானது) ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா உள்ள தட்டி விட்டு, கிண்ணத்துலயும் போட்டு, மண்மேட்டுல அடிச்சேன். டொம்முன்னு போச்சு, சத்தம் கொஞ்சம் சோகமா இருந்துச்சு.

கரிமருந்து_காளி:
சரியா பண்ணிருக்க. புதுசா படிக்கிறவங்களுக்கு சொல்றேன், பத்தலைன்னா உடனே குழல் வாய எட்டிப் பாக்கக்கூடாது, ரெண்டாவது குண்டு கெட்டிடக் கூடாது, குண்டு பாதில நின்னுட்டா மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டு சுடக்கூடாது, குழல் வீங்கிடும் இல்ல வெடிச்சிடும். இடிக்கிற கம்பில காலி குழலுக்கு ஒரு கோடு, கெட்டின குழலுக்கு ஒரு கோடு கத்தியால கீறி வச்சுக்கோங்க. மருந்துக் குப்பிலேருந்து நேரா குழலுக்குள்ள கொட்டுற ஆளுங்க யாராச்சும் இருந்தா இப்பவே நிறுத்துங்க, உள்ள ஒரு கங்கு இருந்தா குப்பி மொத்தமும் கைல வெடிக்கும், அளவுக் கிண்ணத்துல அளந்து ஊத்துறது அதுக்குத்தான்.

சாம்பார்_சாதம்:
மன்னிக்கணும், படிச்சுட்டே வந்தேன், தாங்க முடியல. அந்த மான் ஒரு பாவமும் பண்ணல. திரும்பிப் பாத்துச்சுன்னு சிரிக்கிறீங்க. துப்பாக்கி மேல இருக்கிற காதலுக்கு பேப்பர் டார்கெட் போதாதா?

பனிமலை_பாண்டி:
சாம்பார், கோச்சுக்கல. நானும் ஊர்ல இருந்தவரைக்கும் இப்படித்தான் நெனச்சேன். இங்க 1900 வாக்குல மானே கிட்டத்தட்ட இல்லாம போச்சு, கண்டபடி சுட்டுத் தள்ளிட்டாங்க, 1895லயே வேட்டை விலங்குகளுக்காக கேம் கமிஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு வேற மாநிலத்துலேருந்தெல்லாம் மான் கொண்டுவந்து விட்டாங்க. ஓநாயும் மலைச் சிங்கமும் (பூமா) அதுக்குள்ள ஒழிஞ்சு போச்சு. இப்ப தின்ன ஆளில்லாம பெருகி காட்டுல கன்னுமரம் தலையெடுக்க விடாம மேஞ்சுடுது, ரோட்ல எத்தனையோ பேரு கார்ல மோதுறாங்க, என் பக்கத்து வீட்டுக்காரர் காரும் போன வருஷம் அப்படித்தான் போச்சு. வேட்டை லைசென்ஸ் காசும் அந்தக் காடுகளப் பாத்துக்கத்தான் போகுது. அதுக்காக நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா நம்மூர்ல 1972 வனவிலங்கு சட்டப்படி மான சுட்டா கம்பிதான், அது நியாயம்தான்னு நானும் சொல்றேன், ஏன்னா அங்க நிலைமையே வேற.

கோயம்புத்தூர்_குசும்பு:
நம்மூர்னு சொன்னதும் ஞாபகம் வருது. சின்ன வயசுல எங்க தோட்டத்துக்கு நரிக்குறவர் ஒருத்தர் வருவாருங்க, தோள்ல ஒரு நீளத் துப்பாக்கி, தேங்கா நார வச்சு மருந்து கெட்டி, ரவை போட்டு, காட மைனா அடிப்பாரு. அதும் கேப்பு தானுங்க. சட்டம் வந்தப்பறம் அவங்க பொழப்பே போச்சு, பாசிமணி ஊசிமணிக்கு வந்துட்டாங்க. வேட்டை நின்னது நல்லதா கெட்டதான்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல, ஆனா அவங்களுக்கு வேற வழிய யாரும் காட்டலைங்கறது மட்டும் தெரியும்.

ஹெச்1பி_ஹரி:
அண்ணன்களே ஒரு சின்ன டவுட், நான் ஒர்க் விசால இருக்கேன், இந்த மாதிரி துப்பாக்கி வாங்கலாமா? ரூம்மேட்டு சொல்றான் கைல துப்பாக்கி இருந்தாலே டிபோர்ட்டாம்.

கரிமருந்து_காளி:
ஹரி, பாதி உண்மை. ஃபெடரல் சட்டத்துல 1968லேருந்து வாய்வழி கெட்டிக்கிற பழைய மாடல் துப்பாக்கி ஆன்டிக் (பழம்பொருள்) கணக்குல வருது, அந்தச் சட்டத்துல அது ஃபயர்ஆர்மே இல்ல. நவீன துப்பாக்கின்னா விசா ஆளுங்களுக்குத் தடை, வேட்டை லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு விதிவிலக்கு இருக்கு. ஆனா மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, சில ஊர்ல ஆன்டிக்கையும் துப்பாக்கியாத்தான் பாப்பாங்க. உன் விசா உன் பொழப்பு, என் பேச்சக் கேட்டு வாங்காத, ஒரு வக்கீல்ட்ட அரைமணி நேரக் காசு குடுத்துக் கேட்டுக்க.

முல்லைத்தீவான்:
கனடாவில இன்னும் வேடிக்கை. கல் வச்சு அடிக்கிற நீளத் துவக்கு புதுசா செய்த நகல் எண்டாலும் ஆன்டிக் தான், லைசென்ஸ் தேவையில்லை. அதே துவக்குக்கு கல்லுக்குப் பதிலா கேப் வச்சுச் செய்தா லைசென்ஸ் வேணும். ஒரு நூற்றாண்டு முன்னேறினா ஒரு பேப்பர் கூடுது. வேட்டைக்குப் போறதெண்டா வேட்டை லைசென்ஸ் எப்பிடியும் வேணும், அதை மறக்காதேங்கோ.

கோயம்புத்தூர்_குசும்பு:
பாண்டி, நீங்க வச்சிருக்கிறது கென்டக்கி ரைஃபிளா பென்சில்வேனியா ரைஃபிளா? படத்துல பாத்தா குழல் உங்களவிட உசரமா இருக்கு.

பனிமலை_பாண்டி:
ரெண்டும் ஒண்ணுதான், பேருதான் அநியாயம். 1700கள்ல ஜெர்மனிலேருந்து வந்த கொல்லர்கள் லங்காஸ்டர் பக்கம் குடியேறி, அவங்க ஊர்ல இருந்த குட்டையான தடிச்ச யேகர் ரைஃபிள இங்கத்து காட்டுக்குத் தக்கபடி நீட்டி, காலிபர சின்னதாக்கினாங்க. ஒரு பவுண்டு ஈயத்துல நெறைய குண்டு வார்க்கலாம்ல, மாசக்கணக்கா காட்டுல திரியிறவனுக்கு அதுதான் கணக்கு. செஞ்சது எங்க ஊரு, பேரு கென்டக்கிக்கு. குழல் 42 இன்ச் அண்ணே, கட்டை வரிவரியா இருக்கிற மேப்பிள் மரம், பக்கவாட்டுல பித்தளை மூடி போட்ட சின்னப் பொட்டி, அதுலதான் எண்ணெய்த் துணி வைப்பாங்க.

குழலுக்குள்ள சுருள் பள்ளம் இருக்கிறதாலதான் இது ரைஃபிள். நம்ம ஊர்ல கம்பெனிக்காரன் சிப்பாய்ங்க கைல இருந்த பிரவுன் பெஸ்ஸும் இதே சிக்கிமுக்கிதான், ஆனா உள்ள வழுவழு, முக்கால் இன்ச் ஓட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குன்னு 39 இன்ச் குழலோட செஞ்ச மாடலுக்கு பேரே இந்தியா பேட்டர்ன், அப்பறம் பிரிட்டிஷ் ராணுவமே அதத்தான் எடுத்துக்கிச்சு. 100 கஜத்துல ஒரு ஆள குறி பாத்து அடிக்கிறதெல்லாம் அதுல நடக்காது, வரிசையா நின்னு மொத்தமா சுடுறதுக்குத்தான்.

கரிமருந்து_காளி:
வரலாறு போதும், பாண்டி, சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போ. ஈரத்த கண்டுபிடிச்சுட்டோம், ஆனா பத்திருந்தா மட்டும் மானுல பட்டிருக்கும்னு என்ன நிச்சயம்? சிக்கிமுக்கில விசைய இழுத்ததுக்கும் குண்டு வெளிய போறதுக்கும் நடுவுல மூஞ்சிக்கு முன்னாடியே ஒரு தீபாவளி நடக்குது. புது ஆளுங்க அத்தன பேரும் அந்த புஸ்ஸுக்கே கண்ண மூடி தோள அசைச்சிடுவாங்க. குண்டு வெளிய வர்ற நேரத்துல துப்பாக்கி வேற எங்கயோ பாக்கும். இத சரி பண்ண நான் பண்ணது: கல்லுக்கு பதிலா அதே சைஸ்ல ஒரு மரத்துண்டு வச்சு வீட்லயே தினம் 20 தடவ சுவத்துல ஒரு புள்ளி பாத்து இழுப்பேன், குதிரை விழுந்தப்பறமும் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுற வரைக்கும் புள்ளிய விட்டு கண்ணு நகரக் கூடாது. என் பொண்டாட்டி நான் சுவத்தோட சண்ட போடுறேன்னு நெனச்சா.

நான் வேட்டை ஆடுறது இல்ல, டார்கெட் மட்டும்தான். இண்டியானால ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு குக்கிராமம், 1933ல ஆரம்பிச்ச மசில்லோடிங் சங்கத்தோட ரேஞ்சு அங்கதான். போய்ப் பாரு. கோடாலிய நட்டு வச்சு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு களிமண் தட்டு வச்சிருப்பான், குண்டு கோடாலி முனைல பட்டு ரெண்டா பொளந்து ரெண்டு தட்டையும் ஒடைக்கணும். மெழுகுவத்திய அணைக்காம திரிய மட்டும் தட்டுற போட்டியும் உண்டு. உலகப் போட்டில வேற கணக்கு, அரை மணி நேரத்துல 13 குண்டு, அதுல நல்ல பத்துக்கு மட்டும் மார்க்கு. மூணு சொதப்பலுக்கு சட்டத்துலயே மன்னிப்பு இருக்கிற ஒரே விளையாட்டு இதுதான்னு நெனைக்கிறேன்.

பனிமலை_பாண்டி:
அப்டேட். ரேஞ்சுக்குப் போயிட்டு வந்தேன். 20 சுட்டேன், 19 பத்துச்சு, பத்தாதது கல்லு மொண்ணையானதால, கொஞ்சம் கூர் தட்டினதும் சரியாச்சு. ஆனா காளி அண்ணே சொன்னதுதான் மானத்த வாங்கிருச்சு. பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் எனக்குத் தெரியாம மருந்து கெட்டாம கிண்ணத்துல மட்டும் பொடி போட்டு குடுத்தாரு, நான் இழுத்தா புஸ்ஸுன்னதும் குழல் அரை அடி எகிறுது! குண்டே இல்ல, உதையே இல்ல, நானா எகிறுறேன். அந்தாளு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. அப்ப அன்னிக்கு அந்த மான் மேல படாமயேதான் போயிருக்கும், இல்ல அதவிட மோசமா வயித்துல பட்டு காயத்தோட ஓடியிருக்கும். ஒரு வகைல ஹீட்டருக்கு நன்றி சொல்லணும் போல.

இன்னொரு கேள்வி, கிண்ணத்துல மருந்த ஓட்டைய விட்டுத் தள்ளி வைக்கணுமா ஒட்டி வைக்கணுமா? அந்தப் பெரியவர் தள்ளி வைங்கிறாரு.

கரிமருந்து_காளி:
இது ஊர்ல மாமியார் மருமக சண்ட மாதிரி, முடியாது. ஓட்டைய மூடினா திரி மாதிரி எரிஞ்சு போகணும், அதனால லேட்டாகும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. வேகமா படம் பிடிக்கிற கேமராவும் கருவியும் வச்சு அளந்து பாத்தவங்க, ஒட்டி வச்சாத்தான் சீக்கிரம் பத்துதுன்னு சொல்றாங்க. நான் ஒட்டித்தான் வைப்பேன், ஓட்டைக்குள்ள அடைக்காம. கிண்ணம் ரொப்பாத, பாதி போதும், ரொப்பினா புகைதான் ஜாஸ்தி.

ராத்திரியே கழுவினியா? கரிமருந்து கசடு காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், விட்டா மறுநாளே துரு. வெந்நீர், கொஞ்சம் சோப்பு, அவ்ளோதான், கடைல விக்கிற கலர் பாட்டில் எதுவும் வேணாம்.

பனிமலை_பாண்டி:
கழுவினேன். சமையல் சிங்க்ல கழுவினேன், அதுக்கு தனியா ஒரு விசாரணைக் கமிஷன் ஓடிக்கிட்டிருக்கு. வீடு பூரா அழுகின முட்ட வாசம்.

பனிமலை_பாண்டி:
கடைசி அப்டேட், நேத்தோட சீசன் முடிஞ்சுது. மாட்டு முட்டி தச்சுட்டேன், இறகுக் காம்பு சொருகினேன், மரத்துண்டு வச்சு ரெண்டு வாரம் சுவத்தோட சண்ட போட்டேன். 9 மணி நேரம் பனில உக்காந்தேன், புளிசாதம் வெளிலயே ஜில்லுன்னு சாப்ட்டேன். சாயங்காலம் மூணு மான் வந்துச்சு, ரேஞ்ச்ல நான் போட்டுக்கிட்ட எல்லை 60 கஜம், அதுங்க 100க்கு கிட்ட நின்னுச்சுங்க, கிட்ட வரவே இல்ல, வெளிச்சமும் போச்சு. குதிரைய இறக்கிட்டு வந்துட்டேன். கிண்ணத்த காலி பண்ணி, வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஷெட்ல, ஹீட்டர் இல்லாத இடம், பூட்டி வச்சேன். இன்னிக்கு காலைல ரேஞ்சுக்குக் கொண்டுபோய் புதுப் பொடி போட்டு இழுத்தேன். நேத்து விடியறதுக்கு முன்னாடி கெட்டின மருந்து, 27 மணி நேரம் கழிச்சு டமார்னு ஒரே அடில போச்சு, புஸ்ஸுக்கும் டமாருக்கும் நடுவுல இடைவெளியே தெரியல. 50 கஜத்துல நடு வட்டத்துக்கு ஒரு இன்ச் வலப்பக்கம். தனியா நின்னு சிரிச்சேன்.

கரிமருந்து_காளி:
சபாஷ். ஆனா கெட்டின துப்பாக்கிய ராத்திரி ஷெட்ல வச்சேல்ல, விசைல "உள்ள மருந்து இருக்கு"ன்னு அட்டை கட்டினியா?

பனிமலை_பாண்டி:
கட்டினேன் அண்ணே. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு.

சாம்பார்_சாதம்:
அப்ப மான் மூணும் உயிரோட இருக்கா? சரி, இப்ப போய் நிம்மதியா சாப்பிடுறேன்.

முல்லைத்தீவான்:
தம்பி, அந்த மாட்டு முட்டிக்கு என்ன தோல் எடுத்தனீங்கள்? பழைய சப்பாத்துத் தோல் சரிவருமோ?

பனிமலை_பாண்டி:
பழைய பூட்ஸ்தான் அண்ணே அறுத்தேன். தேன்மெழுகையும் ஆட்டுக் கொழுப்பையும் உருக்கிக் கலந்து ரெண்டு தடவ தேச்சேன், தண்ணி உருண்டு ஓடுது. அளவு எடுத்து படம் போடுறேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க.